அவர் செருப்போடு, நான் வெறுங்காலோடு: அத்திப்பட்டிலிருந்து திருவேற்காடு

போன மாசி மாதம் இரண்டாவது ஞாயிறு, நானும் என் வீட்டுக்காரரும் அம்பத்தூர் அத்திப்பட்டிலிருந்து திருவேற்காடு அம்மன் கோயிலுக்கு நடந்தே போனோம். ஏழு கிலோமீட்டர். இதில் என்ன அதிசயம், ஆடி மாதம் ஊரே நடந்து போகிறதே என்பீர்கள். போகிறது. ஆனால் காலைக் காப்பாற்றிக் கொடுத்த சாமிக்கு, அந்தக் காலையே பணயம் வைத்து நன்றி சொல்லக் கிளம்பிய மனுஷனை நான் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன். அவருக்குத்தான் இருபத்தாறு வருஷமாகச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பேர் ஏழுமலை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை. நான் அதே எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் மிஷினில் உட்காருகிறேன். இரண்டு இடத்துக்கும் நடுவே அரை கிலோமீட்டர்கூட இல்லை. சட்டம் மட்டும் நேர் எதிர். அவர் கேட்டில் தடித்த ஷூ இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். எங்கள் கேட்டில் செருப்போடு விட மாட்டார்கள், துணியில் மண் ஒட்டிவிடும் என்று. பகல் முழுக்க அவர் கால் பெட்டிக்குள், என் கால் காற்றில். என்னைக் கேட்டால், மிதியை வெறுங்காலால் மிதித்தால்தான் மிஷின் சொன்ன பேச்சைக் கேட்கும்.

அவருக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. போன வருஷம் ஒருநாள் ஷூவுக்குள் இரும்புச் சீவல் ஒன்று விழுந்திருக்கிறது. பாதத்தில் குத்தி நிற்க, ஷிப்ட் முழுக்க அதன் மேலேயே நடந்திருக்கிறார். துளி வலி இல்லை. துவைக்கிறதுக்கு சாக்ஸை எடுத்த நான், “இன்னாய்யா, சாக்ஸுக்கு மருதாணி வச்சிகினு வந்துகீற?” என்று கிண்டல் பண்ணினேன். அப்புறம் காலைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்குக் கிண்டலே வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

புண் பெரிதாகிவிட்டது. ஆறாவிட்டால் முதலில் விரல், அப்புறம் பாதம் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இவர் ஒரு வேண்டுதல் வைத்தார், என் காதுபடவே: “ஆத்தா, இந்தக் காலு தப்பிச்சா, இதே கால்ல செருப்பில்லாம உன் வாசலுக்கு நடந்து வரேன்.” தீக்காயம் ஆறினால் தீ மிதிக்கிறேன் என்கிற மாதிரி! ஏழு மாசம் டிரஸ்ஸிங். கால் தப்பித்தது. கட்டுப் போட்ட சிஸ்டர் கடைசி நாளன்று கறுப்பு ரப்பர் மெத்தை வைத்த செருப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, “இனிமே பாத்ரூமுக்குக்கூட இதப் போட்டுட்டுத்தான் போவணும். வெறுங்கால்ல ஒரு அடி வச்சீங்க, மறுபடி என்கிட்டதான் வருவீங்க” என்றார். இவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, “ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போலாமா? நடந்து” என்றார்.

வீட்டில் இரண்டு வாரம் சண்டை. கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன்: அவர் செருப்போடு நடக்கட்டும், அவர் பங்குக்கு நான் வெறுங்காலோடு நடக்கிறேன். “வேண்டிகினது நானு, நடக்கறது நீயா? ஆத்தா கேக்காதா?” என்றார். “கேட்டா நான் பதில் சொல்றேன். ரெண்டு பேரும் பொம்பளைங்க, பேசிக்குவோம்” என்றேன். சரி என்றார். ஆனால் அந்தச் சரியில் சுதி குறைந்திருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். பையில் இரண்டு தண்ணீர் பாட்டில், அவர் மாத்திரை, சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட நாலு மிட்டாய், பாதத்தைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி, புதுசாக வாங்கிய தடித்த பருத்தி சாக்ஸ் ஒரு ஜோடி, அறுபது ரூபாய். சாக்ஸ் எதற்கு என்றால், கோயிலுக்குள் செருப்பு போக முடியாதே, அதற்கு. இதுவும் சிஸ்டர் சொன்ன யோசனைதான். என் செருப்பை வீட்டு வாசலில் விட்டேன். அது என்னை ஏமாற்றத்தோடு பார்த்த மாதிரி இருந்தது.

எஸ்டேட் பக்கத்து ரோடு ஞாயிற்றுக்கிழமை விடியலில் காலியாக இருக்கும். தார் சில்லென்று இருந்தது. இருபது அடி போனதும் இவர் கேட்டார், “எப்டி கீது?”

“எது?”

“தரதான். கால்ல எப்டி கீது?”

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன், கிரிக்கெட் வர்ணனை மாதிரி. “இப்ப சில்லுனு கீது. இப்ப மணலு, நறநறன்றது. இது வேகத்தட மேல அடிச்ச வெள்ள பெயிண்ட், வழவழன்னு கீது. ஐயே, இது இன்னா ஈரம், மாடு போயிகீது.” அவர் சிரித்துக்கொண்டே வந்தார். நான் வாயை மூடினால், “இப்ப?” என்பார். ஒரு கிலோமீட்டர் போனதும்தான் எனக்குப் புரிந்தது, மனுஷன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர் காலுக்குத் தார், மணல், பெயிண்ட் எல்லாம் ஒன்றுதான். பஞ்சு மேலே நடக்கிற மாதிரி இருக்கும் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நான் ஒரு கல்லைக்கூட விடாமல் சொன்னேன்.

நீங்கள் நடக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: அயப்பாக்கத்துக்கு முன்னால் கால்வாய் வேலைக்குத் தோண்டி ஜல்லி கொட்டியிருந்தார்கள், சுமார் இருநூறு மீட்டர். அங்கே நான் நடந்ததை யாராவது படம் எடுத்திருந்தால் நடனப் போட்டியில் பரிசு கொடுத்திருப்பார்கள். ஆறு பத்துக்கு அயப்பாக்கம் வீட்டு வசதிக் குடியிருப்புப் பக்கம் வந்தோம், அதுவரை இரண்டரை கிலோமீட்டர். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ஒவ்வொரு வாசலுக்கும் வெளியே செருப்பு அலமாரி தெரிந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அறிய மணியை அடிக்க வேண்டாம், வாசல் செருப்பை எண்ணினால் போதும்.

டீ பதினைந்து ரூபாய், சர்க்கரை இல்லாமல் ஒன்று, சர்க்கரையோடு ஒன்று. டீக்கடைக்காரர் என் காலைப் பார்த்தார், அவர் காலைப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, அக்காவ வெறுங்கால்ல உட்டுட்டு நீ மட்டும் மெத்த மேல வரியே?”

“அவரு ஜமீன்தாரு. நான் பல்லக்குத் தூக்கறவ” என்றேன். கடையே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. முகம் தொங்கிவிட்டது. சும்மா இருக்க மாட்டாத என் வாய், அன்றைக்கு ஒரு தப்பைச் செய்துவிட்டது.

கடையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும், “நீ முன்னால போ, செருப்புப் பட்ட லூசாகீது” என்றார். நான் வர்ணனையைச் சொல்லிக்கொண்டே போகிறேன், ‘இப்ப?’ என்கிற குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், செருப்பு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, கருவேல முள் கிடக்கிற மண் ஓரத்தில் வெறுங்காலோடு வந்துகொண்டிருக்கிறார். முகத்தில் பரீட்சையில் காப்பி அடிக்கிற பையன் களை.

ஏழு மாசம் புண்ணைப் பார்த்தவள் நான். “யோவ்! நில்லு! அசையாத!” என்று கத்தினேன். தெரு நாய்கள் எல்லாம் பதில் சொல்லின.

“கொஞ்ச தூரம்தாமே. அந்த டீக்கட ஆளு சொன்னதுல இன்னா தப்பு? நான் நடக்கறேன்னு சொன்னேன். ஆம்பள, சொன்ன வார்த்தைக்கு...”

“உனக்கு வலிக்குதாய்யா?”

“இல்ல.”

“முள்ளு கீதா, இல்லியா?”

குனிந்து பார்த்தார். “தெர்ல.”

“அப்புறம் இன்னா வேண்டுதலு? செருப்ப ஏன் கழட்டறோம்? கல்லு குத்தணும், வெயிலு சுடணும், அத்தத் தாங்கிகினு ஒரு எட்டு வைக்கணும். அதான ஆத்தாக்குக் குடுக்கறது? உன் காலுக்கு ஒண்ணும் தெரியாது. வலிக்காத கால்ல நடந்துட்டு வலிச்சா மாதிரி கும்புட்டா, அது ஆத்தாளுக்கே டகுலு உடறது. வலிக்கிற காலு எங்கிட்டதான் கீது. நான் நடந்தாதான் அது செல்லும்.”

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. ஐந்தாம் கிளாஸோடு நின்றவள் நான். அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அவரைக் காம்பவுண்டுச் சுவரில் உட்கார வைத்து, போன் வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கு விடாமல் பார்த்தேன். மண்தான். முள் இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவி, முந்தானையால் துடைத்து, செருப்பை மாட்டிப் பட்டையை இழுத்து ஒட்டினேன். “பொண்ணுக்குக் கொலுசு போட்டா மாதிரி கீது” என்றார். சமாதானம் என்று அர்த்தம்.

அங்கிருந்து கோலடி வரைக்கும் எனக்குத்தான் சோதனை. அவர் பாதத்தில் இல்லாத முள் என் பாதத்தில் ஏறியது. குதிகாலில், ஆழமாக. அய்யோ என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் என் காலை மடியில் எடுத்து வைத்து, லேத்தில் அளவு பார்க்கிற கண்ணை இடுக்கிக்கொண்டு, நகத்தாலேயே பிடித்து இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் ஒரு பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

“இன்னா நைனா, அக்காவ அடிக்கிறியா?”

“முள்ளு எடுக்கறேன்யா” என்றார். பால்காரர் போனதும் முள்ளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார், “இம்மாத்தூண்டு. இதுக்கா இம்மாம் சத்தம்? எனக்கு இப்டி ஒரு வாட்டி வலிச்சா போதும், வசந்தா.” கிண்டலுக்கு ஒரு பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிவிட்டேன்.

மாத்திரைக்கு முன்னால் அவர் சாப்பிட வேண்டும். ஏழே முக்காலுக்குக் கோலடியில் ஒரு வண்டிக் கடையில் இட்லி. ஆளுக்கு நாலு, மொத்தம் எண்பது ரூபாய். கார சட்னி அருமை. சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார், வெறுங்கால் என்றால் ஏன் எல்லா இடத்திலும் மரியாதை என்று. எங்கெங்கே கழற்றுகிறோம் என்று நான் விரல் விட்டு எண்ணினேன்: வீடு, கோயில், தர்கா, மாதா கோயில், ஸ்கேன் எடுக்கிற இடம், எழவு வீடு, எங்கள் கம்பெனி. வெளியே மிதித்த அழுக்கை உள்ளே கொண்டுவரவில்லை என்று சொல்கிறோம், நான் கொஞ்சம் கீழே, நீ கொஞ்சம் மேலே என்று சொல்கிறோம். அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். என் அப்பா பிறந்த ஊரில் சில தெருக்களில் அவர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் போக முடியும். கழற்றாவிட்டால் அடி. அம்பத்தூருக்கு மூட்டை தூக்க வந்து, முதல் கூலியில் அவர் வாங்கியது தோல் செருப்பு. சத்தம் வருகிற மாதிரி ஆணி அடித்து வாங்கினாராம். அதனால் வெறுங்கால் என்றாலே புனிதம் என்று யாராவது பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். நானாகக் கழற்றினால் அது வேண்டுதல். இன்னொருத்தன் கழற்று என்றால் அது வேறே.

கூவம் பாலத்தைத் தாண்டும்போது எட்டரை. வெயில் ஏறிவிட்டது. தார் சுட ஆரம்பித்ததும் என் வர்ணனை ஓட்டமாக மாறியது. “சூடு, சூடு, நெழலு, அப்பாடா, சூடு, சூடு!” இவர் பின்னாலேயே, “இதோ நெழலு, இப்டி வா, இந்தாண்ட வெள்ளக் கோடு, அதும் மேல கால் வை” என்று வழி காட்டிக்கொண்டு வந்தார். கண் அவருடையது, கால் என்னுடையது. ஒன்பது மணிக்குக் கோயில் வாசல். நின்றது, சண்டை போட்டது எல்லாம் சேர்த்து மூன்றே முக்கால் மணி நேரம்.

செருப்பு வைக்கிற இடத்தில் அவர் செருப்பைக் கொடுத்தோம். செருப்பை வாங்கி வைக்கிற அம்மா என் காலைப் பார்த்து, “உன்னுது எங்கம்மா?” என்றார். “ஊட்ல தூங்குது” என்றேன். இவர் சாக்ஸை மாட்டிக்கொண்டார். வரிசையில் நின்றோம். பாதி வரிசை நிழலில், மீதி வெயில் விழுந்த கல் தரை. என் பாதமே அதில் பொறுக்கவில்லை. இவர் காலுக்குச் சுடுவது தெரியாது, அதுதான் ஆபத்து.

அப்போது பின்னால் நின்ற ஒருத்தர், வெள்ளை வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம், “சார், கோயில்ல இன்னா சாக்ஸு? கழட்டுங்க. வெறுங்கால்ல வர முடியாத பெரிய மன்ஷங்க வந்துட்டாங்க” என்று சத்தமாகச் சொன்னார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காலையிலிருந்து இவர் ஒரு சாக்குக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார். இப்போது ஊரே சாட்சியாக ஒருத்தர் கழற்று என்கிறார். இவர் குனிந்தார். கை சாக்ஸுக்குப் போனது.

நான் வாயைத் திறக்கிறதுக்குள், சாக்ஸைக் கழற்றப் போன கை அதை மேலே இழுத்துவிட்டது. சுருக்கம் இல்லாமல். நிமிர்ந்து அந்த ஆளைப் பார்த்தார்.

“கழட்ட மாட்டேன், அண்ணாத்தே. இந்தக் காலு போவவேண்டியது. ஆத்தா திருப்பிக் குடுத்துகீறா. குடுத்தத பத்திரமா வச்சிக்கணும்ல? வெறுங்காலுக்கு என் சம்சாரம் கீறா, அத்திப்பட்லேர்ந்து வந்துகீறா, பாரு.”

அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கிண்டல் மொத்தமாகத் திரும்பி வந்துவிட்டது. “அண்ணே, சாக்ஸு புதுசு. உங்க வேட்டியவிட வயசு கம்மி” என்றேன். முன்னால் நின்ற அம்மா பூக்கூடையோடு சிரித்துவிட்டார். “சர்க்கரையாப்பா? எங்க தம்பிக்கு ரெண்டு வெரலு எடுத்துட்டாங்க. நீ வெயில்ல நிக்காத, இப்டி விரிப்பு மேல வா” என்று இவரைப் பிடித்துத் தேங்காய் நார் விரிப்புக்கு இழுத்துக்கொண்டார். வேட்டிக்காரர் ஒரு நிமிஷம் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “நீ நெசமாவே அத்திப்பட்லேர்ந்தா?” என்றார். பாதத்தைத் தூக்கிக் காட்டினேன். “நீயும் விரிப்பு மேல போம்மா” என்று வழி விட்டார்.

பத்து மணிக்குச் சன்னதி. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் என் குதிகாலை மட்டும் நினைத்துக்கொண்டு நின்றேன். அதுதான் அன்றைக்கு என் தேங்காய் பழம். வெளியே வந்து ஒரு மரத்தடியில் சாக்ஸைக் கழற்றி, கைக்கண்ணாடி வைத்து அவர் பாதம் இரண்டையும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. கொப்புளம் இல்லை. பழைய தழும்பு மட்டும் பளபளவென்று இருந்தது. “இன்னா, பாஸா?” என்றார். “மொதல் மார்க்கு” என்றேன். என் காலில் மூன்று கொப்புளம், ஒரு முள் ஓட்டை. அவர் தண்ணீர் ஊற்றிக் கழுவினார், பாட்டில் தீருகிற வரைக்கும்.

திரும்பும்போது பஸ். எனக்கு இலவசம், அவருக்கு மட்டும் டிக்கெட். ஜமீன்தாருக்கு அதுதான் தண்டனை.

நீங்களும் நடக்க நினைத்தால்: ஐந்து மணிக்கு முன்னாலேயே கிளம்புங்கள், நாங்கள் தாமதம். எட்டரைக்குள் கோயில் சேர்ந்துவிடுங்கள், தார் சுடுவதற்கு முன். வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தால் சூடு கம்மி. ஊக்கு ஒன்று, சின்னக் கண்ணாடி ஒன்று பையில் இருக்கட்டும். இரண்டு பேருக்கு டீ, இட்லி, அர்ச்சனைத் தட்டு, பஸ் எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். செருப்பைக் கழற்றாதீர்கள், எவன் சொன்னாலும். கிளம்புவதற்கு முன்னால் டாக்டரைக் கேளுங்கள், வந்ததும் பாதத்தைப் பாருங்கள். வேண்டிக்கொண்டுவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டால், உங்கள் பக்கத்தில் வெறுங்காலோடு ஒருத்தரை நடக்க விடுங்கள், தரை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போங்கள். அப்படி வர ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். கொப்புளம் ஆறியதும் நான் வருகிறேன். வாய் ஓயாமல் பேசுவேன், அதைப் பொறுத்துக்கொண்டால் போதும்.